நீ போட்டுவிட்டுப் போன மாண்டிஸ்

கல்லடி, மட்டக்களப்பு
கார்த்திகை, விடாத மழை

அன்பின் மச்சான்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் ஏதோ வில்லங்கம் என்று நினைப்பாய். சரியாகத்தான் நினைத்தாய். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. கட்டையனுக்கு இரண்டாவதும் பெண்பிள்ளை. கணக்குச் சேர் இன்னும் உன்னை 'அந்த அரைக்காற்சட்டை' என்றுதான் விசாரிக்கிறார். சுகசெய்தி முடிந்தது.

போன செவ்வாய்க்கிழமை, பயிற்சிக்கு வந்திருக்கிற ஆரையம்பதிப் பிள்ளை என் மேசையடிக்கு வந்து, "அண்ணா, கோவிக்க வேணாம், உங்கட பேரில மாண்டிஸுக்குள்ள போயிட்டன்" என்றாள். பாஸ்வேர்டைப் பார்த்துவிட்டாயா என்று கேட்டேன். "பாஸ்வேர்டே தேவைப்படல்ல" என்றாள்.

2017 பொங்கலுக்கு முதல் நாள், கனடாவுக்குப் பறக்கிற அவசரத்தில் நாங்கள் செய்கிற மென்பொருள்களின் பிழைகளை எழுதி வைக்க ஒரே இரவில் போட்டுத் தந்தாயே, அதே மாண்டிஸ். "ஓடுது, தொடாதே" என்றாய். நானும் சொல்வழி கேட்கிற பிள்ளை, தொடவேயில்லை. அந்த ஏப்ரலிலேயே அதிலிருந்த பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்து, 2.3.1 பதிப்பில் அடைத்தும் விட்டார்களாம். மருந்து வந்து இத்தனை வருடம், நாங்கள் போத்தலைக்கூடத் திறக்கவில்லை.

ஓட்டையைக் கேட்டால் சிரிப்பாய். பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், மாண்டிஸ் ஒரு இரகசியக் குறியை உண்டாக்கித் தன்னிடம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதையே ஒரு இணைப்பில் போட்டு மின்னஞ்சலில் அனுப்பும். இணைப்போடு வருகிறவரின் குறியும் தன்னிடமுள்ளதும் ஒன்றா என்று பார்த்துத்தான் உள்ளே விடும். சரி, ஒருவருமே மறக்கவில்லை என்றால்? அதன் கையில் ஒன்றுமில்லை. அந்த நேரம் குறியை வெறுமையாக விட்டு, ஆள் இலக்கம் 1 என்று போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தால், வெறுமையும் இல்லாமையும் ஒன்றுதானே என்று, மாண்டிஸை எழுதிய பிஎச்பி மொழி தலையாட்டிவிடும். புதுப் பாஸ்வேர்ட் என்ன வைக்கிறாய் என்றும் கேட்கும். ஒப்பிடுகிற இடத்தில் ஒரு சமன் குறி குறைந்த வினை. இலக்கம் 1 யார்? அடியேன்.

பிழை எழுத மொஸில்லாக்காரரின் பக்ஸில்லாவைப் போட்டிருக்கலாம் என்று இப்போது சொல்லாதே. 2014இல் அதிலும் இதே கூத்துத்தான். கணக்குத் திறக்கும்போது முழுப்பெயரைப் பலமுறை சேர்த்து அனுப்பினால், அதை எழுதிய பேர்ல் மொழி அந்தப் பெயர்களைப் பட்டியலாக விரித்துவிடும். கூடுதலாக வந்தது மின்னஞ்சல் பெட்டிக்குள் வழிந்து, சரிபார்த்த முகவரியை அழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். முகவரியின் வால் நிறுவனத்தின் வாலாக இருந்தால் தானாகவே உள்வீட்டு அனுமதி கிடைக்கிற இடங்களில், யாரும் உள்வீட்டுப் பிள்ளை ஆகலாம்.

ஓட்டையை அன்றிரவே அடைத்தேன். பிஎச்பியையும் புதுப் பதிப்புக்கு ஏற்ற வேண்டியிருந்ததால் விடிந்துவிட்டது. ஆனால் நித்திரை வராததற்குக் காரணம் அதில்லை மச்சான். உள்ளே நாங்கள் எழுதி வைத்திருக்கிறதை அதற்குப் பிறகுதான் வாசித்தேன். 'வாடிக்கையாளரின் பணப்பக்கத்தில் இந்த இலக்கத்தை மாற்றினால் மற்றவரின் பில் தெரிகிறது, பிறகு பார்ப்போம்.' இப்படி ஒன்றல்ல, பதினொன்று, எல்லாம் இன்னும் திறந்தபடி. கள்ளனுக்கு நாங்களே வழி எழுதி, எது முக்கியம் என்று வரிசையும் போட்டு வைத்திருக்கிறோம். 'பாஸ்வேர்ட்' என்று தேடினேன். நீ 2017 பங்குனியில் டொரண்டோவில் இருந்துகொண்டு எழுதிய குறிப்பு வந்தது: டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், முழுசாக, கடைசியில் ஒரு சிரிப்பு முகத்தோடு. நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எல்லாவற்றுக்கும் வைக்கிற அதே பாஸ்வேர்ட்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி செய்கிற மொஸில்லாவுக்கே அப்படித்தான் நடந்தது என்று 2015இல் வெளியே வந்தது. உயர்ந்த அனுமதியுள்ள ஒருவர் ஒரே பாஸ்வேர்டை இன்னொரு தளத்திலும் வைத்திருந்தார். அது உடைய, அதை வைத்துப் பக்ஸில்லாவுக்குள் நுழைந்தவன் வெளியாருக்குக் காட்டாமல் வைத்த 185 பிழைக் குறிப்புகளைப் பார்த்தான். 53 பாரதூரமான ஓட்டைகள், அதில் பத்து அப்போது இன்னும் அடைக்கப்படாதவை. அவர்கள் எங்கே, கல்லடியில் ஆறு பேர் இருக்கிற கந்தோர் எங்கே என்பாய். அவர்களுக்குப் பழைய பதிவேடு இருந்தது, எண்ணிச் சொன்னார்கள். எங்கள் சேர்வரில் நான்கு கிழமைப் பதிவேடுதான் மிச்சம். அதில் இந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாருமில்லை. அதற்கு முந்தைய வருடங்களில் யார் வந்தார், யார் போனார் என்று நான் எதைப் பார்த்துச் சொல்ல?

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்கிறேன். கந்தோர்ப் பங்காளி, "ஒண்டும் நடக்கல்லயே, ஏன் வாயைக் குடுக்கிறாய்" என்கிறார். நடக்கவில்லை என்று யார் கண்டது? இரண்டு நாளாக அவரும் நானும் தேத்தண்ணிகூடத் தனித்தனியாகத்தான் குடிக்கிறோம். அந்தப் பிள்ளை தன்னால்தான் சண்டை என்று நினைத்து நேற்று வரவில்லை. வீட்டுக்குப் போய், நீ இல்லாவிட்டால் இன்னும் தூங்கிக்கொண்டிருப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் தாய் ஒரு முட்டி எருமைத் தயிர் தந்துவிட்டார். உனக்குக் கொடுப்பினை இல்லை.

திங்கட்கிழமை கடிதம் அனுப்பப்போகிறேன், பங்காளி கையொப்பம் வைத்தாலும் வைக்காவிட்டாலும். அதற்குள் ஒன்றை மட்டும் எழுது: அந்தப் பாஸ்வேர்ட் அங்கே உன்னுடைய வேலையிடத்தில் எதையாவது இன்னும் திறக்கிறதா? உன் கணக்கை இங்கே மூடிவிட்டேன், கோவிக்காதே.

உன்,
மொட்டை