சுகர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, வாயை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்மாவுக்கு 12 வருடமாகச் சுகர். 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தபிறகு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போன வருடம் முழுக்க, சுகரின் மூன்று மாத சராசரி (HbA1c பரிசோதனை) 9-க்குக் கீழே வரமாட்டேன் என்றது. வாயைக் கட்டவில்லை என்று டாக்டர் திட்ட, நாங்களும் திட்ட, ஒளித்து வைத்து இனிப்பு சாப்பிடுகிறாரோ என்று சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்த்ததுகூட நடந்தது (இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது).

கடைசியில் வாஷ்பேசினில்தான் விஷயம் தெரிந்தது. துப்பிய நுரையெல்லாம் சிவப்பு. கேட்டால், “அது ரெண்டு வருஷமா வருதுப்பா, வயசானா வரும்தானே” என்கிறார். பல் டாக்டர் பார்த்தபோது கீழ்வரிசையில் நாலு பல் ஆடிக்கொண்டிருந்தது, ஈறை லேசாக அழுத்தினாலே சீழ்.

ஈறில் புண் இருக்கும்வரை உடம்பு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும், அதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சுகர் ஏறும், ஏறிய சுகர் அந்தப் புண்ணை ஆறவிடாது. இது தெரியாமல் நாங்கள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தோம். க்ளீன் செய்தால் நல்ல பல்லும் ஆடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். அப்படியெல்லாம் இல்லை, ஏற்கெனவே ஆடுகிற பல்லை, பல்லில் கல்போலப் படிந்த காறைதான் பிடித்து வைத்திருக்கும், அதை எடுத்ததும் அந்த ஆட்டம் வெளியே தெரியும், அவ்வளவுதான். ஈறுக்கு அடியில் சுரண்டி எடுத்து, ரெண்டு பல்லைப் பிடுங்கி, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 8.5. மாத்திரை, சாப்பாடு எல்லாம் அதேதான். ஈறு வைத்தியத்தில் இறங்குவது ஏறக்குறைய இந்த அரைப் புள்ளிதான், அதனால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

என் ஆதங்கம் வேறு. இந்த 12 வருடத்தில் காலைத் தொட்டுப் பார்த்தார்கள், கண்ணுக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஒருவர்கூட “வாயைத் திறங்கம்மா” என்று சொன்னதில்லை. மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண் எங்கள் தெருவில் எல்லோர் வீட்டு நிலவரமும் அறிந்தவர். பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா, பல் ஆடுதா என்று அவர் ரெண்டே கேள்வி கேட்கட்டும். ஆமாம் என்றால் அரசு மருத்துவமனை பல் பிரிவுக்கு ஒரு சீட்டு. சுகாதாரத் துறை இந்த ரெண்டு கேள்வியையும் இந்தத் திட்டத்தின் படிவத்தில் சேர்த்தால் போதும், புதிதாக ஆள் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்