சண்டையே போடாமல் விட்டுப்போகும் நட்புகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நட்பு முறிவு என்றாலே துரோகம், மனஸ்தாபம் என்றுதான் பேசுகிறோம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கெரால்டு மொலன்ஹார்ஸ்ட் சுமார் 1,000 பேரைப் பேட்டி கண்டு, 7 ஆண்டுகள் கழித்து அவர்களில் பலரிடம் மீண்டும் விசாரித்தார். அவர்களின் பழைய நட்பு வட்டத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் இல்லை. வட்டத்தின் அளவு மட்டும் அப்படியே இருந்தது! போனவர் இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுகிறார். அந்த இன்னொருவர் யார் என்பதில் நம் விருப்பத்தோடு அலுவலகத்தின் பக்கத்து மேசைக்கும் பிள்ளைகளின் பள்ளி வாசலுக்கும் பெரிய பங்குண்டு. வேலை மாறினால் டீக்கடைக் கூட்டாளியும் மாறுகிறார். பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேக் படம் வரும், அவ்வளவுதான்.

சரி, ஓய்வுபெற்றவர் எங்கே போவார்? அவருக்குப் பக்கத்து மேசையே கிடையாதே. முதியோர் பக்கத்தில் சர்க்கரை, மூட்டுவலியோடு இதையும் எழுதுங்கள்.

- வாசகர், திருச்சி