செயலாளரின் ஆண்டறிக்கை: பட்டாம்பூச்சியும் அதன் செடியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்திற்குப் பிறகு செயலவை நான்கு முறை கூடியது. கூட்டக் குறிப்புகள் மேசையில் இருக்கின்றன, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நேராக ஆண்டின் வேலைக்கு வந்துவிடுகிறேன்.

போன ஆண்டு வரைக்கும் நாம் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு பேராக் மாநிலத்து பீடோரைச் சுற்றியுள்ள தோட்டப் பாதைகளில் நடப்போம். பறக்கிற பட்டாம்பூச்சியைப் படம் பிடிப்போம், வீட்டுக்கு வந்து பெயர் தேடுவோம். அது சந்தோஷமான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில பூச்சிகள் ஏன் சில இடத்தில் மட்டும் தென்படுகின்றன, ஏன் திடீரென்று காணாமல் போகின்றன என்று பிள்ளைகள் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இந்த ஆண்டு பூச்சியை விட்டுவிட்டுச் செடியைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஆரம்பித்தது கருவேப்பிலையில். நம் வீடுகளில் கருவேப்பிலை இல்லாத கொல்லை உண்டா? இலையைக் கடித்துவைக்கும் பச்சைப் புழுவைப் பார்த்ததும் மருந்தடிப்பதும், நசுக்கிப் போடுவதும்தான் எல்லார் வீட்டுப் பழக்கமும். அந்தப் புழு எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் பிள்ளை. பாப்பிலியோ டெமோலியஸ் என்பது அதன் அறிவியல் பெயர். எலுமிச்சை, லிமாவ் கஸ்தூரி, கருவேப்பிலை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் எதில் வேண்டுமானாலும் அது முட்டையிடும்.

உறுப்பினர் ஒருவர் வீட்டுத் தொட்டிச் செடியைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்தார்கள். தாய்ப்பூச்சி இலைமேல் உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்ப்பதை முதலில் ஒரு சிறுமிதான் கவனித்தாள். பட்டாம்பூச்சிக்குக் காலிலும் சுவை தெரியும். சரியான இலைதானா என்று காலால் ருசி பார்த்துவிட்டுத்தான் முட்டை இடுகிறது. கடுகளவு மஞ்சள் முட்டை, இளந்தளிரில் ஒன்றொன்றாக. மூன்றாம் நாள் பொரிந்தது. வெளியே வந்த புழு முதலில் தின்றது தன் முட்டையோட்டைத்தான்.

அடுத்த சில நாட்களுக்குப் புழுவைக் கண்டுபிடிக்கவே கண் வேண்டும். கருப்பும் வெள்ளையுமாக அப்படியே பறவை எச்சம் மாதிரி இருக்கும். எச்சத்தை எந்தக் குருவி கொத்தும்? நான்கு முறை தோல் உரிக்கிறது. நான்காவது முறை உரித்த பிறகுதான் நமக்குத் தெரிந்த அந்தத் தடித்த பச்சைப் புழு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று துருத்திக்கொண்டு வரும், மூக்கைத் துளைக்கும் வாடையோடு. எறும்பையும் குளவியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அதுதான். பிள்ளைகள் ஒரு வாரம் அந்த வாடையைப் பற்றியே பேசினார்கள்.

தின்று முடித்ததும் வயிற்றில் இருப்பதை எல்லாம் தண்ணீராகக் கழித்துவிட்டு, சுருங்கி, இடம் தேடி அலையும். பிறகு குச்சியில் வால் நுனியைப் பட்டு நூலால் ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து சாய்ந்து நிற்கும். தென்னையில் ஏறுகிறவர்கள் இடுப்பில் கயிறு கட்டுவது போலத்தான். அப்புறம் கடைசித் தோலும் உரிந்து உள்ளே இருக்கும் கூடு தெரியும்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தமிழில் கூட்டுப்புழு என்கிறோம். பட்டுப்புழுவுக்கு அது பொருந்தும், அது உண்மையில் நூலால் கூடு கட்டுகிறது. பட்டாம்பூச்சிகளில் பெரும்பாலானவை கூடு எதுவும் கட்டுவதில்லை. நாம் பார்ப்பது இறுகிப்போன அதன் தோல்தான். உள்ளே புழுவின் உடம்பில் பெரும்பகுதி கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. ஆனால் எல்லாமே புதிது என்றும் சொல்ல முடியாது. சிறகுக்கான சின்ன மொட்டுகள் புழுவாக இருந்தபோதே உள்ளே இருந்தன. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஒரு பையன் வெகுநேரம் பேசாமல் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இந்த ஆண்டு கிடைத்த பெரிய சம்பளம் அது.

வருத்தமும் ஒன்று உண்டு. பூச்சி வெளிவரும் காலையில், கஷ்டப்படுகிறதே என்று ஒரு பிள்ளை தோலை விரலால் உரித்து உதவப் பார்த்தது. சிறகு விரியவே இல்லை. கசங்கிய துணிபோல் இருந்தது, அன்று மாலையே இறந்தும் போனது. வெளியே வந்த பூச்சி தானே தொங்கிக்கொண்டு, உடம்பிலுள்ள நீரைச் சிறகு நரம்புகளுக்குள் தள்ளித்தான் சிறகை விரிக்கிறது. அதற்கு முன்பு யாரும் தொடக்கூடாது. இதை முன்கூட்டியே சொல்லாதது பெரியவர்களான எங்கள் தவறு. அந்தப் பிள்ளையின் தவறு ஒன்றுமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மே மாதத்தில் வகைப்பாட்டு வகுப்புகள் தொடங்கின. தீபகற்ப மலேசியாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாம்பூச்சி வகைகள் உண்டு. இவ்வளவையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். அதனால் குடும்பங்களை மட்டும் பிடித்துக்கொண்டோம். அழகிகள், வெள்ளையன்கள், வரியன்கள், நீலன்கள், தாவிகள் என்று ஐந்தைத் தமிழில் வழங்குகிறோம். ஆறாவதாக ஒரு சிறிய காட்டுக் குடும்பம் உண்டு, எங்கள் கண்ணில் அது படவில்லை.

பெயர் வைக்கும் முறையைப் புரியவைக்க அடையாள அட்டை உதவியது. நம் அட்டையில் நம் பெயர் முதலில், அப்பா பெயர் பின்னால். லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் 1758-இல் விலங்குகளுக்கு நிலைநாட்டிய முறையில் இது தலைகீழ். பேரினப் பெயர் முன்னால், சிற்றினப் பெயர் பின்னால். பாப்பிலியோ என்று தொடங்கும் எல்லாம் நெருங்கிய பங்காளிகள். தமிழ்நாடு 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் நம் ஊரில் உண்டா என்று ஒரு பிள்ளை கேட்டது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன், இங்கே கிடையாது. ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள் நம் காடுகளில் பறக்கிறார்கள். இதைக் கேட்டதும் வகுப்பில் இருந்த பாட்டிமார்களுக்குக்கூட வகைப்பாடு பிடித்துப்போயிற்று.

குடும்பத்தை அடையாளம் காணச் சிறகின் நிறத்தைவிடக் காலும் கூடும் நம்பகமானவை. வரியன்கள் நான்கு காலில்தான் நிற்கும். முன்னங்கால் இரண்டும் சிறுத்து மார்போடு ஒட்டியிருக்கும். அவற்றின் கூடு தலைகீழாகத் தொங்கும். அழகிகளும் வெள்ளையன்களும் இடுப்புக் கயிறு கட்டி நிற்கும். தாவிகளுக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. வாழை இலையைச் சுருட்டி உள்ளே வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு கிடக்கும் புழு எல்லார் கொல்லையிலும் இருக்கிறது. அந்திக் கருக்கலில் விளக்கைத் தேடி வரும் பழுப்பு நிறச் செங்கண் பூச்சி அதுதான்.

நிறத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கருவேப்பிலைச் செடியே பாடம் நடத்தியது. அதில் வளரும் இன்னொரு பூச்சி பாப்பிலியோ பாலிட்டஸ். ஆண் கருப்பு, பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்களில் பல சிவப்புப் புள்ளிகளோடு ரோஜா அழகியைப் போலவே இருக்கும். ரோஜா அழகியின் புழு ஈஸ்வரமூலி இனக் கொடிகளைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் நஞ்சு உண்டு, பறவைகள் தொடாது. நஞ்சே இல்லாத பாலிட்டஸ் அந்த வேடத்தால் தப்பிக்கிறது. உடம்பைப் பார்த்தால் உண்மை தெரியும். ரோஜா அழகிக்கு உடம்பிலேயே சிவப்பு இருக்கும், வேடக்காரிக்கு உடம்பு கருப்பு.

ஜூலையில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், இரண்டு கை அகலத்துக்கு ஒரு பட்டாம்பூச்சி என்று அழைத்தார். போய்ப் பார்த்தோம். அட்லஸ் அந்துப்பூச்சி. அதற்கு உண்ணும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துத்தான் ஓரிரு வாரம் வாழ்ந்து, முட்டையிட்டு முடிகிறது. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனி தடித்திருக்கும், இதற்கோ சீப்புப்போல் இருக்கிறது என்று பிள்ளைகளே வித்தியாசம் சொன்னார்கள்.

ஆகஸ்டில் கோப்பெங் அருகே உலு கெரோவுக்கு இரண்டு வேனில் சென்றோம். நம் நாட்டின் தேசியப் பட்டாம்பூச்சியான ராஜா புரூக் அங்கே கூட்டமாக வரும். சரவாக்கின் ராஜாவாக இருந்த ஜேம்ஸ் புரூக்கின் பெயரை இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1855-இல் அதற்கு வைத்தார். பூர்வகுடிகளான செமாய் மக்களின் கிராமம் அது, வழிகாட்டிகளும் அவர்களே. தாதுநீர் கசியும் ஈர மண்ணில், கருப்பு வெல்வெட்டில் பச்சை மின்னும் சிறகோடும் சிவந்த கழுத்தோடும் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. அத்தனையும் ஆண்கள். பெண்கள் மரத்தின் உச்சியில் இருக்குமாம், நாங்கள் பார்க்கவில்லை. ஆண்கள் தேடுவது உப்பு. பல பட்டாம்பூச்சி இனங்களில் ஆண் சேர்க்கும் உப்பு கூடலின்போது பெண்ணுக்கும், அதன் வழியாக முட்டைக்கும் போகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 இந்தப் பூச்சிக்குக் காப்பளிக்கிறது. யாரும் கையால் தொடவில்லை, ஈரமண்ணில் காலையும் வைக்கவில்லை. பிள்ளைகள் நடந்துகொண்ட விதத்தை வழிகாட்டி பாராட்டினார்.

இனி வருத்தமான செய்தி. ஆலயத்துக்குப் பின்னால் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் எருக்கஞ்செடிகளும், வலைபோன்ற உறைக்குள் சின்னப் பழம் காய்க்கும் காட்டுக்கொடியும் மண்டிக் கிடந்தன. பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலைக்காக யாரோ வைத்த செடிகள் அவை. அந்த எருக்கம் பாலைத் தின்றுதான் கருப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டை போட்ட வரியன் புழு தன் உடம்பில் நஞ்சு சேர்க்கிறது. காட்டுக்கொடியில் வளர்ந்தது வேறொரு பூச்சி. செங்கல் நிறம், மெதுவாகப் பறக்கும். அதன் கதையைச் சொன்னால் நமக்கு நெஞ்சு நிறையும். இந்தியாவும் இலங்கையும்தான் அதன் பூர்வீகம். 1980-களில் தாய்லாந்தில் தென்பட்டு, தெற்கே நம் நாட்டுக்குள் இறங்கி, 2006-இல் சிங்கப்பூரையும் 2012-இல் ஆஸ்திரேலியாவையும் எட்டியது. வழியெல்லாம் வேலியோரக் கொடிதான் அதற்குச் சோறு. நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்த அதே திசை.

செப்டம்பரில் புல்வெட்டுக் குத்தகை எடுத்த ஒருவர் அந்த இடம் முழுக்கக் களைக்கொல்லி அடித்துவிட்டார். நாங்கள் போனபோது கொடி பழுத்துச் சுருண்டு கிடந்தது, புழுக்கள் காய்ந்த இலையில் ஒட்டிக்கொண்டே செத்துக் கிடந்தன. நானும் ஒரு காலத்தில் தோட்டத்தில் மருந்தடிக்கும் கும்பலுக்கு மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலையைச் செய்யச் சொல்லி ஆட்களை அனுப்பியிருக்கிறேன். எந்தச் செடி யாருக்குச் சோறு என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தோட்டம் என்றாலே பூச்சிக்கு எதிரி என்று நினைக்கவும் கூடாது. செம்பனைக்குள் காட்டுப் பட்டாம்பூச்சிகள் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் செம்பனைச் சாலையோரங்களில் மஞ்சள் பூப்பூக்கும் டர்னெராவை நிர்வாகங்களே நடுகின்றன. இலையை அரிக்கும் உறைப்புழுவைத் தாக்கும் குட்டிக் குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன் தேவை. ஒரு செடியை விட்டுவைத்தால் மருந்துச் செலவு குறைகிறது என்று கணக்குப் பார்க்கிற இடத்தில் நம் கோரிக்கையையும் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

சரி, தீர்மானங்கள். ஆலயத்துக்குப் பின்னால் உள்ள அந்தத் துண்டு நிலத்தை மருந்தடிக்காமல் விட்டுவைக்க ஆலய நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேட்பது. வேலி போடுவதற்கு முன்னூறு வெள்ளிக்கு மேல் போகாமல் செலவு செய்யச் செயலவைக்கு அனுமதி தருவது. உறுப்பினர் வீடு ஒவ்வொன்றிலும் மருந்தே அடிக்காத கருவேப்பிலை ஒன்றைப் புழுவுக்கென்று தொட்டியில் வைப்பது. சமையலுக்கு வேறு செடி வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்றையும் சபை ஏற்க வேண்டுகிறேன்.

வேன் கொடுத்து உதவியவர்களுக்கும், மழையிலும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர்களுக்கும், வகுப்பறை திறந்துவிட்ட ஆசிரியர்களுக்கும் நன்றி. எருக்கங்குச்சிகள் பதியம் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வாளியோடு வீட்டுக்கு வாருங்கள். பாலைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

இங்ஙனம்,
செயலாளர்