அந்தச் சிமிழைப் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள வசந்தி,

நேற்றுத் தொலைபேசியில் "பாதரசம்" என்றதுமே நீ அழத் தொடங்கிவிட்டாய். நிறம் வெளுக்க உன் மகள் பூசும் அந்தச் சிமிழ்க் களிம்பை இனித் தொடக்கூடாது என்பதை மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மிச்சத்தை ஆறுதலாக எழுதுகிறேன்.

இரவு பஸ்ஸில் நீ கொடுத்தனுப்பிய பொதி திங்கட்கிழமை விடியற்காலையில் வந்தது. பருத்தித்துறை வடையையும் பனங்கட்டியையும் வீட்டில் வைத்துவிட்டுச் சிமிழை மட்டும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்கதிர்க் கருவியை அதன் மேல் பிடித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பாதரசத்துக்குரிய இடத்தில் கோடு எழுந்து நின்றது. உன் மகளின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. கருவி பிழையாகக் காட்டுகிறது என்று நம்பத்தான் விரும்பினேன்.

அதனால் முழுமையாகச் செய்தேன். களிம்பில் அரைக் கிராம் எடுத்து, நைத்திரிக் அமிலம் விட்டு, இறுக மூடிய டெஃப்லான் பாத்திரத்தில் நுண்ணலையால் சூடாக்கிக் கரைத்தேன். மூடாமல் அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். நஞ்சுள்ள களிம்பு நல்ல களிம்பாகத் தெரியும். அவசரத்தில் அப்படிச் செய்யப்படும் சோதனைகளை நினைத்தால் எனக்கு நித்திரை வராது. கரைசலோடு ஸ்டானஸ் குளோரைட்டுச் சேர்த்தால் பாதரசம் ஆவியாக வெளியே வரும். 253.7 நானோமீற்றர் ஒளியை அந்த ஆவி எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்போம். களிம்பே இல்லாத வெற்று மாதிரியையும் கூடவே ஓட்டினேன். அது சுத்தமாக இருந்தது. உங்கள் சிமிழின் எண் இரண்டு முறையும், ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், ஆயிரங்களில் நின்றது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனங்களுக்கு முன்பு வைத்திருந்த எல்லை ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். 2023 இல் ஜெனீவாவில் கூடியபோது அந்த எல்லையையும் எடுத்துவிட்டார்கள். பாதரசம் சேர்த்த அழகுசாதனம் 2025 க்குப் பிறகு எந்த அளவிலும் கூடாது. இலங்கையும் அதில் ஒப்பமிட்ட நாடுதான்.

இது தவறுதலாகக் கலந்த அழுக்கு என்று நினைக்காதே. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் உண்டாவதைப் பாதரச உப்பு தடுக்கும். அதற்காகவே போடுகிறார்கள். சிமிழில் செய்தவர் பெயர் இல்லை, சேர்மானங்கள் இல்லை. அடியில் பொடி எழுத்தில் "தங்க நகையில் படாமல் பூசவும்" என்று மட்டும் இருக்கிறது. பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும் என்பது எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது, வசந்தி! நகையைக் காக்கச் சொன்னவன் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அவளுடைய சிறுநீரில் பாதரசம் பார்க்க வேண்டும். தலைமயிரைச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது மீனிலிருந்து சேரும் பாதரசத்துக்கு. மூத்தவளின் கைக்குழந்தை சித்தியோடுதான் படுக்கிறது என்று எழுதியிருந்தாய். துவாயிலும் தலையணை உறையிலும் ஒட்டியது மெல்ல ஆவியாகும், குழந்தை அதைச் சுவாசிக்கும். அவற்றைப் பையில் இறுகக் கட்டி வீட்டுக்கு வெளியே வை. எரிக்காதே. குழந்தையையும் வைத்தியரிடம் காட்டு.

வேறொரு கடையில் வாங்கி அனுப்பினால் பார்த்துச் சொல்வாயா என்று மகள் கேட்டாளாம். எங்கள் அறிக்கைகளின் கீழே, முடிவு பரிசோதித்த மாதிரிக்கு மட்டுமே உரியது என்று ஒரு வரி இருக்கும். ஒரு சிமிழ் சுத்தமாக இருக்கலாம். அதே கடையின் அடுத்த சிமிழுக்கு நான் எப்படிப் பொறுப்புச் சொல்வேன்? இந்த வகைக் களிம்பே அவளுக்கு வேண்டாம்.

மாப்பிள்ளை வீட்டில் யாரோ நிறத்தைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லுக்காக அவள் புறக்கோட்டை நடைபாதையில் இதை வாங்கியிருக்கிறாள். அவள் உன் அம்மாவின் நிறம். விடுதியிலிருந்து நாம் பசியோடு வந்து நிற்கும்போதெல்லாம் அந்தக் கைகள்தானே நமக்குச் சோறு போட்டன. அவளைத் திட்டாதே.

வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் அனுப்பு. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறையிடப் போகிறேன். வெள்ளி இரவு பஸ்ஸில் அவளை ஏற்றிவிடு. இங்கே வைத்தியரிடம் நானே கூட்டிப்போகிறேன். சனி விடியற்காலை நாலரைக்கே வெள்ளவத்தையில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
சுகந்தி