லால்தெங்கா நாடு திரும்பியது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மிசோரமைத் தனிநாடாக்க ஆயுதம் ஏந்திப் பிறகு அதன் முதல்வரான மிசோ தலைவர் லால்தெங்கா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலைமறைவும் வெளிநாட்டு வாசமுமாகக் கழிந்த இருபது ஆண்டுகளை நாலு வரியில் முடித்துவிட்டு, மத்திய அரசோடு அவர் செய்த 1986 சமாதான ஒப்பந்தத்தை ராஜீவ் காந்தியின் ஒரே கையெழுத்தில் நடந்த அதிசயமாக எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த ஒப்பந்தத்தில் ராஜீவ் கையெழுத்தே கிடையாது. 1986 ஜூன் 30 அன்று ஒப்பமிட்டவர்கள் லால்தெங்கா, மத்திய உள்துறைச் செயலாளர் ஆர்.டி.பிரதான், மிசோரம் தலைமைச் செயலாளர் லால்காமா ஆகிய மூவர். பத்து வருஷம் முன்பு, 1976 ஜூலை 1 அன்றும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அது ஏன் பலிக்கவில்லை, இது ஏன் பலித்தது என்று கட்டுரை கேட்டிருக்க வேண்டும்.

அதற்கு முன் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிசோ மலைகளில் மௌடக் என்ற மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூக்கும். 1911, 1959, 2007 என்று அது பூத்த கணக்கு இருக்கிறது. நம் அஞ்செட்டி, ஒகேனக்கல் காடுகளில் முள்மூங்கில் பூத்தால் நெல்மணி போல மூங்கிலரிசி உதிரும். அங்கே விழுவதோ பேரிக்காய் போன்ற சதைப்பற்றுள்ள பெரிய காய். எலிகள் அதைத் தின்று பெருகி, காய் தீர்ந்ததும் கூட்டம் கூட்டமாக விளைந்த நெல்லில் இறங்கும். காட்டை வெட்டி எரித்து ஒரே போகம் எடுக்கும் குடும்பத்துக்கு ஆண்டுச் சோறு அதோடு போயிற்று. ஒரு மழையை நம்பி ராகி விதைக்கும் நம் மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1958 அக்டோபரிலேயே மிசோ மாவட்டக் கவுன்சில் பஞ்சம் வரப்போகிறது என்று தீர்மானம் போட்டு, அப்போது அந்த மலைகளை ஆண்ட அசாம் அரசிடம் 15 லட்சம் ரூபாய் கேட்டது. கிடைக்கவில்லை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து, பிறகு அந்தக் கவுன்சிலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த லால்தெங்கா தலைவரானது இந்த இடத்தில்தான். ஊர் ஊராக அரிசி சுமந்துபோன மிசோ தேசிய பஞ்ச முன்னணி, 1961 அக்டோபரில் ‘பஞ்ச’ என்ற சொல்லை விட்டுவிட்டு அரசியல் கட்சியானது.

1966 பிப்ரவரி 28 இரவு முன்னணியின் ஆயுதத் தாக்குதல், மறுநாள் சுதந்திரப் பிரகடனம், மார்ச் 5 அன்று மிசோ மலைகளின் தலைநகர் அய்சால் மீது இந்திய விமானப்படை குண்டுவீச்சு. இவை கட்டுரையில் சரியாகவே வந்துள்ளன. விடுபட்டது அதன் பிறகு நடந்தது.

தலைவர் எல்லைக்கு வெளியே இருக்கும் இயக்கத்துக்கு உள்ளே சோறு போட ஊர்கள் வேண்டும், வெளியே தங்க இடம் கொடுக்கும் நாடு வேண்டும். 1967 முதல் அரசும் ராணுவமும் 516 கிராமங்களைக் காலி செய்து 110 மையங்களில் மக்களை அடைத்தார்கள். பழைய வீடுகளும் நெற்குதிர்களும் எரிந்தன, விளைநிலம் எட்டாத தூரமானது, உழைத்துத் தின்றவர்கள் ரேஷன் அரிசிக்குக் காத்திருந்தார்கள். கொரில்லாக்களுக்கு உணவு போவது இப்படித்தான் அடைபட்டது. சொந்தக் குடிமக்களுக்குச் செய்த பெரும் அநீதி இது; கட்டுரை இதை ஒரு வார்த்தையில்கூடத் தொடவில்லை. 1971 டிசம்பரில் முன்னணிக்கு இடம் கொடுத்த கிழக்கு பாகிஸ்தான் வங்கதேசமாக மாறியதும், அங்கிருந்த சிட்டகாங் மலை முகாம்களும் போயின. லால்தெங்கா பர்மா வழியாகப் பாகிஸ்தான் சென்றார். 1975-ல் ஜெனிவாவில் இந்திய அதிகாரிகளோடு பேசத் தொடங்கியவர், இரண்டு பிடிமானங்களும் போன ஒருவராகவே பேசினார்.

1976 உடன்பாட்டின்படி, போராளிகள் முதலில் ஆயுதங்களோடு முகாம்களில் கூட வேண்டும். அரசியல் தீர்வு அப்புறம். காட்டில் இருந்தவர்கள் இதை நம்பவில்லை, இயக்கம் பிளந்தது. 1978 தேர்தலில் வென்று மிசோரம் முதல்வரான பிரிகேடியர் சைலோவும் லால்தெங்காவுக்காகப் பதவி விலகத் தயாராக இல்லை. பேச்சுக்காக இந்தியா வந்திருந்த லால்தெங்கா, 1982-ல் மீண்டும் நாட்டை விட்டு லண்டன் போனார். 1984 அக்டோபர் இறுதியில் டெல்லி வந்தார். பிரதமர் இந்திராவை அவர் சந்திக்க இருந்த 31-ஆம் தேதிதான் இந்திரா கொல்லப்பட்டார்.

1986-ல் மாறியது வரிசை. ஆயுத ஒப்படைப்பு, கட்சி விதிகளிலிருந்து பிரிவினையை நீக்குவது, திரிபுரா, மணிப்பூர் போராளிக் குழுக்களுக்கு உதவாமை என்று முன்னணியின் கடமைகள் ஒரு பக்கம். மாநில அந்தஸ்து, மறுவாழ்வு, நில உரிமைக்கும் வழக்காற்றுச் சட்டத்துக்கும் அரசியலமைப்புப் பாதுகாப்பு என்று அரசின் கடமைகள் மறு பக்கம். இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டன. அந்தப் பாதுகாப்பே அரசியலமைப்பின் இன்றைய 371ஜி பிரிவு. பதவியிலிருந்த காங்கிரஸ் முதல்வர் லால்தன்ஹாவ்லா நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் துணை முதல்வராக இறங்கினார். ஆகஸ்ட் 21 அன்று லால்தெங்கா முதல்வர். என் பார்வையில் இந்த ஒப்பந்தத்தின் அச்சாணி லால்தன்ஹாவ்லாதான். கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

கட்டுரை 1987 பிப்ரவரியில், மாநிலம் பிறந்ததோடு நின்றுவிட்டது. 1988 செப்டம்பரில் கட்சித் தாவலால் லால்தெங்கா ஆட்சி கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1989 ஜனவரித் தேர்தலில் அவர் கட்சி தோற்றது. அப்போதும் யாரும் துப்பாக்கியைத் தேடிப் போகவில்லை. 1990 ஜூலை 7 அன்று லண்டனில் இறந்தபோது அவர் முன்னாள் முதல்வர். இந்தக் கடைசி மூன்று ஆண்டுகளையும், கிராமங்களைக் காலி செய்த விவரத்தையும் சேர்த்து, அடுத்த இதழில் கட்டுரையின் தொடர்ச்சியை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.