செத்த டையோடும் சிரிக்கும்

சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கோபி,

முதலில் திட்டித் தீர்த்துவிட்டு மேலே படி. உன் கடிதம் வந்தது சித்திரையில், நான் பதில் எழுதுவது கார்த்திகையில். இடையில் மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்று தடவையும் கரண்ட் போனது என்று சொன்னால் நீ நம்பவா போகிறாய்? அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மாத்திரை வேண்டாம் என்கிற பிடிவாதமும் அப்படியே. கடை ஓடுகிறது. போர்டில் டி.வி. மெக்கானிக் என்று எழுதியிருக்கிறது, உள்ளே முக்கால்வாசி இண்டக்‌ஷன் அடுப்பும் இன்வர்ட்டரும்தான். நம் கெப்பாசிட்டர் கணேசன் தாத்தாவாகிவிட்டான். பேத்திக்கு அவர்கள் என்ன பெயர் வைத்தாலும் நமக்கு அவள் கெப்பாசிட்டரை அளக்கிற மைக்ரோ ஃபாரட்தான்.

நலம் விசாரித்தாகிவிட்டது. இனி, உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது. அக்கா வீட்டுக்குப் போன் செய்தால் வாய் தவறிக்கூட இதைப் பேசாதே.

அக்கா பையனுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தீக்குச்சியைத் தூரத்திலிருந்து பற்றவைக்கிற லேசர் செய்யணும் மாமா என்று வந்து நின்றான். கையில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய டி.வி.டி. ரைட்டர். எனக்கும் கை துறுதுறுத்தது. ரைட்டரில் இருக்கிற சிவப்பு லேசர் டையோடு, அதாவது கரண்டை லேசர் வெளிச்சமாக்குகிற குட்டிச் சில்லு, சும்மா படம் பார்க்கிற பிளேயரில் இருப்பது மாதிரி இல்லை, டிஸ்க்கில் எழுத வேண்டுமே, நூறு இருநூறு மில்லிவாட் தாங்கும். கையில் பிடிக்கிற லேசர் பாயின்டரில் வருகிற குட்டி டையோடுக்கு 5 மில்லிவாட்டே அதிகம்.

கரண்ட் கணக்கை அவனுக்கு விளக்கியபோது நம் லேப் வாத்தியார் மாதிரியே குரல் வந்தது. 'வோல்ட்டைப் பாக்காதே, ஆம்பியரைப் பாரு.' ஒரு அளவு வரைக்கும் கரண்ட் ஏற்றிக்கொண்டே போனாலும் வெறும் எல்.இ.டி. மாதிரி மினுங்கும். நான் எடுத்த டையோடுக்கு அந்த வாசல் 70 மில்லி ஆம்பியர் பக்கம் இருந்தது. வாசலைத் தாண்டினதும் சட்டென்று லேசராகிவிடும். அதற்குமேல் ஒவ்வொரு மில்லி ஆம்பியருக்கும் ஏறக்குறைய ஒரு மில்லிவாட் வெளிச்சம். 250 கொடுத்தால் 180 எதிர்பார்க்கலாம். உள்ளே போவது இரண்டரை வோல்ட் கணக்கில் 600 மில்லிவாட்டுக்கு மேல், மிச்சம் நானூத்திச் சொச்சமும் சூடு. கடுகளவு சில்லு அது. வாசல் அளவும் சூட்டோடு மேலே நகரும், வெளிச்சம் குறையும். குறைகிறதே என்று கரண்டை ஏற்றினால் இன்னும் சூடு. அதனால் சூட்டை இழுத்துக்கொள்கிற நல்ல உலோக ஹீட்சிங்க் இல்லாமல் தொடவே கூடாது. 1962ல் அமெரிக்க விஞ்ஞானி ஹோலோன்யாக் முதன்முதலில் சிவப்பு டையோடு லேசரைக் காட்டியபோது திரவ நைட்ரஜன் குளிரில் வைத்துத்தான் காட்டினார். நாங்கள் சேலத்து வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே!

டையோடுக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற டிரைவர், நம் பழைய எல்.எம். 317 ஐ.சி.தான். 1.25 வோல்ட்டை ரெசிஸ்டரால் வகுத்தால் கரண்ட், மறந்திருக்க மாட்டாய். 10 ஓம் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்து 5 ஓம், 250 மில்லி ஆம்பியர். ஐ.சி. தனக்கென்று இரண்டு வோல்ட் தின்னும், ரெசிஸ்டர் ஒன்றேகால், டையோடு இரண்டரை. ஆக இரண்டு லித்தியம் செல். டையோடுக்குக் குறுக்கே ஒரு 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், திடீர்த் துடிப்பு வந்தால் விழுங்கிக்கொள்ளட்டும் என்று.

அந்த 47தான் முதல் கொலைகாரன். டையோடோ வேறு லோடோ எதுவும் மாட்டாமல் டிரைவரை ஆன் செய்து பார்த்தேன். சுவிட்சை அணைத்துவிட்டு டையோடை வைத்து சால்டர் செய்தேன். லோடு இல்லாத நேரத்தில் கெப்பாசிட்டர் ஏழு வோல்ட் பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது, சுவிட்ச் அணைந்தாலும் அது அணையவில்லை. டையோடின் கால் பட்ட கணத்தில் மொத்தத்தையும் கொட்டிவிட்டது. கணேசன் இருந்திருந்தால் முதல் ஆளாகச் சொல்லியிருப்பான், அனுபவஸ்தன்!

ஆன் செய்தால் மீட்டர் 250 காட்டுகிறது. சிவப்பும் வருகிறது. ஆனால் மங்கலாக, வழவழவென்று, சுவரில் புள்ளி விழாமல். செத்துவிட்டது. வெளிச்சம் வெளியே வருகிற முகப்பு சில மைக்ரான்தான், அதற்குள் சதுர சென்டிமீட்டருக்குப் பல மெகாவாட் கணக்கில் நெரிசல். ஒரு கணம் அளவு மீறினால் முகப்பு உருகிவிடும். அதற்குப் பிறகும் எல்.இ.டி.யாக எரிந்துகொண்டே இருக்கும். செத்தும் சிரிக்கிற சாதி. பையனிடமும் அப்படியே சொன்னேன்: 'மங்கலா எரிஞ்சா செத்துப்போச்சுன்னு அர்த்தம்டா.' அந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வை.

மறுநாள் இன்னொரு ரைட்டர் கொண்டுவந்தான். இந்தத் தடவை எல்லாம் ஒழுங்கு. லேசருக்குப் பதிலாகச் சாதாரண டையோடு நாலை வரிசையாகக் கோத்து டம்மி லோடு, கரண்ட் அளந்து சரிபார்த்தேன், கெப்பாசிட்டரை ஷார்ட் செய்தேன், மணிக்கட்டில் எர்த் வயர். டையோடை லென்ஸ் வைத்த பித்தளைக் கூட்டில் இறக்கி மேஜையில் கவ்வி வைத்தேன். சுவிட்ச். சுவரில் மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு சிவப்பு.

'இதுவும் போச்சுடா' என்றேன்.

'இருங்க மாமா, பாக்கறேன்' என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான். லென்ஸுக்கு நேரே.

பள்ளிக்கூடத்துக்குக் காட்ட எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். போன் ஸ்க்ரூ டப்பாமேல் சாய்ந்திருந்தது. தற்செயலாக என் கண் அந்தத் திரையில் விழுந்தது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த அதே இடத்தில், திரைக்குள், சுவரில் வெள்ளையும் ஊதாவுமாகப் பளீரென்று ஒரு பொட்டு. அது பாதியில் மறைந்தது. மறைத்தது அவன் காது.

கோபி, பாட்டரி வயரை எப்படிப் பிடுங்கினேன் என்று தெரியவில்லை. ஹோல்டரோடு வந்துவிட்டது.

ரைட்டருக்குள் இரண்டு டையோடு. டி.வி.டி.க்கு அலைநீளம் 650 நானோமீட்டர் பக்கத்துச் சிவப்பு, சி.டி.க்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. நான் எடுத்தது சி.டி. டையோடு. 780க்கு நம் கண் கிட்டத்தட்டக் குருடு, ஒரு துளி சிவப்புத்தான் தெரியும். ஆனால் விழித்திரைக்குப் போகிற வழியெல்லாம் அதற்குத் திறந்துதான் கிடக்கிறது. கண்ணின் லென்ஸ் அதை ஒரு புள்ளியில் குவித்துக் கொடுக்கும், லட்சம் மடங்கு நெருக்கி. ஒரு மில்லிவாட் சிவப்பு என்றால் கால் நொடியில் இமை தானாக மூடிக் காப்பாற்றும், அந்தக் கணக்கில்தான் ஒரு மில்லிவாட் வரைக்கும் சாதுவான வகுப்பில் வைத்திருக்கிறார்கள். தெரியாத வெளிச்சத்துக்கு இமை எதற்கு மூடும்? விழித்திரையில் வலியும் கிடையாது. மாமா செத்துப்போச்சு என்று சொன்ன ஒரு சாமான், நூறு மில்லிவாட்டுக்குக் குறையாமல் எரிந்துகொண்டிருந்தது.

சாமான்மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்துப் படிக்கிற ஆளா நான், நீயே சொல். முப்பது வருஷம் சால்டரிங் அயர்ன் பிடித்த திமிர்.

அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அக்காவிடம் தலைவலி என்று பொய். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்தார்கள், இரண்டு கண்ணும் சுத்தம். திரும்பி வருகிற வழியில் வெயிலில் கண் கூசுகிறது என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தான். நான் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது கேட்கிறான், 'அப்ப அந்த டையோடு நல்லாத்தான் இருக்கா மாமா?'

பிராஜெக்டை மாற்றிவிட்டோம். பாயின்டர் மாட்யூல், மூன்று வோல்ட், 25 மில்லி ஆம்பியர் பக்கம், 5 மில்லிவாட்டுக்குள். அதன் கரண்டோடு பழைய டேப் ரிக்கார்டர் பாட்டை லேசாகக் கலந்து அனுப்பினால், கடையின் மறுகோடியில் கால்குலேட்டர் சோலார் தகட்டில் பட்டு ஸ்பீக்கரில் பாடுகிறது. நடுவில் கையை நீட்டினால் பாட்டு நிற்கிறது. வாசலுக்குக் கீழே கரண்ட் இறங்கிவிட்டால் மட்டும் பாட்டு கரகரக்கிறது, நம் மெஸ் ரேடியோ மாதிரியே. தீக்குச்சி பற்றவில்லை என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். பற்றாமலே இருக்கட்டும்.

பொங்கலுக்கு வருகிறாய் என்றாயே, அதற்குள் ஒரு உதவி. 650, 780 இரண்டு அலைநீளத்தையும் அடைக்கிற லேசர் கண்ணாடி உங்கள் ஊரில் நல்ல கடையில் விசாரித்து இரண்டு வாங்கி வா. எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுக்கும் என்று கண்ணாடி மேலேயே பொறித்திருக்க வேண்டும். கறுப்புக் கூலிங் கிளாஸ் வாங்கி வந்து விளையாட்டுக் காட்டாதே, அது பாப்பாவை விரித்துவிட்டு இன்னும் கெடுக்கும். பணம் உடனே தருகிறேன், 1991 பாக்கி மாதிரி இல்லை.

அந்த சி.டி. டையோடை மூன்று காலையும் ஒயர் சுற்றி ஷார்ட் செய்து தீப்பெட்டிக்குள் போட்டு, பீரோ மேல்தட்டில் வைத்திருக்கிறேன். பையன் தினமும் ஒரு தடவை அந்தத் தட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போகிறான்.

உன்
முரளி