எங்கள் கடைக்கு இரண்டு கதிரை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் ஏ9 வீதிக்கரைப் புடவைக்கடை ஒன்றில் 8 வருடமாக வேலை செய்கிறேன். வீடு விசுவமடுவில். காலை 8 மணிக்குக் கடைக்குள் ஏறினால் இரவு 7 மணிவரை நின்றபடிதான். செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். உள்ளே முழுக்க மாபிள் நிலம். தீபாவளி வியாபாரம் தொடங்கப் போகிறது, எங்களைப் போன்றவர்கள் இன்னும் கூடுதலாக நிற்கப் போகிறார்கள். அதனால்தான், நின்று நின்று எனக்கு வந்த குதிக்கால் நோவைப் பற்றி இப்போதே எழுதுகிறேன்.

போன வருடம் மாசி மாதம் ஒரு விடியற்காலை, பாயிலிருந்து எழும்பி வலக்காலை ஊன்றினேன். குதிக்காலில் முள் ஏறியது போல ஒரு குத்து. முதல்நாள் பின்வளவில் விறகு பொறுக்கியிருந்தேன், நெருஞ்சியாக இருக்கும் என்று நினைத்தேன். மகள் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, ஊக்கு முனையால் தோலை மெல்லக் கிளறித் தேடினாள். முள்ளும் இல்லை, கீறலும் இல்லை. சுவரைப் பிடித்துக் குசினிவரை போக நோ கொஞ்சம் இளகியது. அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலும் அப்படித்தான். பஸ்ஸில் இருந்துவிட்டுக் கிளிநொச்சியில் இறங்கும்போதும் அதே குத்து. பின்னேரத்தில் உள்ளங்கால் வளைவு முழுக்க எரியும்.

நான்கு மாதம் பாமசியில் டைக்குளோபெனாக் என்ற நோக் குளிசை வாங்கி விழுங்கினேன். குளிசை போட்ட அன்று நிற்கலாம், மறுநாள் பழையபடி. வயிறு எரியத் தொடங்கியது. இந்தக் குளிசைகளை மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகமும் பழுதாகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் அலைகின்றன என்று தெரிந்த நாங்களே இப்படிக் கடையில் வாங்கி விழுங்குகிறோம். அம்மா செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கலை இலை போட்டு மிதிக்கச் சொன்னா. அந்த நேரம் சுகம்தான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் சீனி வருத்தம் உள்ள ஒரு அக்கா அதே வைத்தியம் செய்து, சூடு தெரியாமல் கால் பொங்கிப் போனா. காலில் உணர்ச்சி குறைந்த விறைப்பு உள்ளவர்கள் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

ஆனி மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரேயில் குதிக்கால் எலும்பு சிறிய முள்ளாக வளர்ந்திருப்பது தெரிந்தது. பயந்துவிட்டேன். நோவே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது, வருத்தம் வேறு இடத்தில் என்றார் டொக்டர். குதிக்கால் எலும்பிலிருந்து விரலடிவரை நாண் மாதிரி ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது, கால் வளைவைத் தாங்குவது அதுதான். வன்நிலத்தில் நாள் முழுக்க நின்றால் எலும்பில் ஒட்டும் இடத்தில் அது நைந்துபோகும். இராத்திரி ஓய்வில் இறுகிக் கிடந்தது, காலையில் முதல் எட்டு வைக்கும்போது இழுபடுகிறது.

பிசியோதெரபிப் பகுதியில் ஒரு தங்கச்சி தன் கையாலேயே காட்டித் தந்தா. காலை நிலத்தில் வைப்பதற்கு முன்பே, நோகும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைப் பிடித்து மேலே முழங்கால் பக்கமாக இழுக்க வேண்டும். மற்றக் கையால் உள்ளங்காலைத் தடவினால் அந்த நாண் இறுகி நிற்பது விரலில் தெரியும். 10 எண்ணும்வரை பிடித்து விட வேண்டும், 10 தரம், நாளுக்கு மூன்று வேளை. சுவரில் கை ஊன்றி, பின்காலை மடக்காமல், குதி கிளம்பாமல் 30 செக்கன் நின்று கெண்டைக்காலையும் இழுக்க வேண்டும். நோ கொஞ்சம் குறைந்த பிறகு, துவாயைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்துப் படியில் நின்று குதியை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கும் பயிற்சி, ஒருநாள் விட்டு ஒருநாள். இரவில் ஐஸாக உறைந்த தண்ணீர்ப் போத்தலை உள்ளங்காலின் கீழ் உருட்டுவேன். தேய்ந்த பாட்டாவை எறிந்துவிட்டு, குதிப்பக்கம் தடித்த மெத்தையுள்ள செருப்பு வாங்கினேன். வீட்டுக்குள்ளும் அதுதான்.

முதல் இரண்டு மாதமும் ஒரு மாற்றமும் இல்லை. அழுதிருக்கிறேன். விட்டுவிடத்தான் மனம் சொன்னது. ஊசி போடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நாள் கேட்கும், ஆனால் சிலருக்கு அந்தச் சவ்வே அறுந்துவிடும், கடைசிக்குப் பார்ப்போம் என்றார்கள். இந்த வருடம் பங்குனியில்தான் சுவரைப் பிடிக்காமல் குசினிக்குப் போனேன். ஒரு வருடத்துக்குள் அநேகம் பேருக்கு மாறிவிடுமாம். ஆனால் இராத்திரியும் விடாத நோ, வீக்கம், காய்ச்சல், விறைப்பு என்றால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டியபோது முதலாளி எனக்கு மட்டும் செருப்புப் போட அனுமதி தந்தார். கதிரை கேட்டதற்கு, சனம் வரும்போது இருந்துகொண்டா வியாபாரம் செய்வது என்றார். சனம் வரும்போது நாங்கள் எழும்புவோம். சனம் இல்லாத மத்தியானத்திலும் நிற்கவேண்டியிருப்பதைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டுமென்று 2021இல் சட்டமே திருத்தினார்கள். வன்னியிலுள்ள கடை முதலாளிமாரை நான் கேட்பது, செருப்போடு நிற்க விடுங்கள், ஆள் இல்லாத நேரம் இருக்க விடுங்கள் என்பதுதான். எங்கள் கடையில் நாங்கள் நான்கு பெண்கள். இரண்டு கதிரை போதும்.

இப்படிக்கு,
புடவைக்கடை ஊழியர் ஒருவர்,
விசுவமடு.